‘க்ளிக்’ சத்தமும் இனி ஸ்பீக்கர்லதான்! கண்ணாடியைக் கழற்றிப்போட்ட கேமரா அடுத்து எங்கே போகுது?

சமீபத்துல ஒரு சொந்தக்காரங்க வீட்டுக் கல்யாணம். மேடையில பொண்ணு மாப்பிள்ளை பக்கத்துல ஒரு பாட்டி, மூச்சைப் பிடிச்சுக்கிட்டு விறைப்பா நின்னு கேமராவையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க. போட்டோகிராபர் நாலஞ்சு படம் எடுத்து முடிச்சுட்டு, “ஆச்சு பாட்டி, போகலாம்”னு சொல்றார். பாட்டி நகரலை. “என்னப்பா ஆச்சு? சத்தமே வரலையே, எங்க எடுத்த?”

அவர் சிரிச்சுக்கிட்டே கேமரா மெனுவுக்குள்ள போய் எதையோ தட்டினார். அடுத்த படத்துக்கு ‘க்ளிக்’னு கேட்டுச்சு. பாட்டி திருப்தியா இறங்கிப் போனாங்க.

அந்த ‘க்ளிக்’, கேமராவுக்குள்ள எதுவும் அசைஞ்சதால வந்த சத்தம் இல்லை. சின்ன ஸ்பீக்கர்ல இருந்து வந்த சத்தம். உங்க போன்ல போட்டோ எடுக்கும்போது வருதே, அதே மாதிரி. நிஜ ‘க்ளிக்’கைக் கொடுத்துக்கிட்டிருந்த ரெண்டு பாகங்கள்ல ஒண்ணு ஏற்கெனவே போயிடுச்சு, இன்னொண்ணு போய்க்கிட்டே இருக்கு. மூணாவதா எது போகும்ங்கிறதுதான் கொஞ்சம் யோசிக்கவேண்டிய விஷயம். அதுக்கு முன்னாடி, முதல்ல போனது ஏன் போச்சுன்னு பார்த்துடலாம்.

இருட்டுல இருந்த ஃபிலிமுக்கு ஒரு காவல்காரன்

டி.எஸ்.எல்.ஆர் கேமராவோட லென்ஸைக் கழற்றிட்டு உள்ள எட்டிப் பார்த்திருக்கீங்களா? 45 டிகிரி சாய்வுல ஒரு சின்னக் கண்ணாடி இருக்கும். நாம முகம் பார்க்கிற கண்ணாடியோட தம்பிதான். லென்ஸ் வழியா வர்ற வெளிச்சத்தை மேலே திருப்பி, ஒரு ப்ரிஸம் வழியா உங்க கண்ணுக்கு அனுப்புறது அதோட வேலை. நீங்க பட்டனை அழுத்தினதும் கண்ணாடி படார்னு மேலே தூக்கிக்கும். அதுக்குப் பின்னாடி இருக்கிற ஷட்டர் திறந்து மூடும். கண்ணாடி மறுபடி கீழே இறங்கும். ‘ச்சளக்’!

இவ்வளவு சர்க்கஸ் எதுக்கு? ஃபிலிமுக்காக. வெளிச்சம் பட்டா ஃபிலிம் காலி. அதனால படம் எடுக்கிற அந்த ஒரு நொடித்துளியைத் தவிர மத்த நேரம் முழுக்க அதை இருட்டுலயே வெச்சிருக்கணும். ஆனா லென்ஸ் என்ன பார்க்குதுன்னு உங்களுக்கும் தெரியணும். இந்த ரெண்டு தேவைக்கும் நடுவுல நின்ன காவல்காரன்தான் அந்தக் கண்ணாடி. 1959-ல நிக்கான் கொண்டுவந்த ‘எஃப்’ மாடலுக்குப் பிறகு, பத்திரிகை போட்டோகிராபர்களோட கழுத்துல தொங்கினதெல்லாம் பெரும்பாலும் இந்த வகைக் கேமராக்கள்தான்.

அப்புறம் ஃபிலிம் போய் சென்சார் வந்துச்சு. சென்சாருக்கு இருட்டு தேவையில்லை. அது பார்க்கிறதை அப்படியே ஒரு ஸ்க்ரீன்ல ஓட்டிக்காட்டலாம். நியாயமா அன்னிக்கே கண்ணாடியைக் கழற்றியிருக்கணும். உங்க போன்ல அப்படித்தான் பண்ணினாங்க. யோசிச்சுப் பார்த்தா, இந்த உலகத்துல அதிகமா விற்ற மிரர்லெஸ் கேமரா உங்க பாக்கெட்லதான் இருக்கு.

ஆனா பெரிய கேமராக்கள்ல கண்ணாடி ரொம்ப வருஷம் தங்கிடுச்சு. அன்னிக்கு இருந்த எலெக்ட்ரானிக் வ்யூஃபைண்டர்கள் மங்கலா, திக்கித் திணறி ஓடினது ஒரு காரணம். வீடு நிறைய வாங்கிவெச்ச பழைய லென்ஸ்கள் இன்னொரு காரணம். உண்மையான காரணம் ஃபோகஸ். அந்தக் கண்ணாடியோட நடுப்பகுதி லேசா வெளிச்சத்தை ஊடுருவ விடும். அந்த வெளிச்சம் பின்னாடி இருக்கிற இன்னொரு குட்டிக் கண்ணாடியில பட்டு, கேமராவோட அடியில இருக்கிற ஃபோகஸ் சென்சாருக்குப் போகும். ஃபோகஸ் எந்தப் பக்கம் விலகியிருக்கு, எவ்வளவு விலகியிருக்குன்னு அந்த சென்சார் ஒரே பார்வையில சொல்லிடும். லென்ஸ் நேரா அந்த இடத்துக்குப் போய் நிக்கும்.

கண்ணாடி இல்லாத ஆரம்பகால கேமராக்களுக்கு இந்த வசதி கிடையாது. பழைய ரேடியோவுல ஸ்டேஷன் தேடுற மாதிரி முன்னாடி போய், தாண்டி, பின்னாடி வந்து, மறுபடி முன்னாடி போய்த்தான் ஃபோகஸைப் பிடிக்கும். தாலி கட்டுற நேரத்துல இந்தத் தேடல் நடந்தா போட்டோகிராபர் கதி என்ன?

2008-ல பானசோனிக்கோட ‘ஜி1’ வந்தப்போ, ‘அழகா இருக்கு, ஆனா வேலைக்கு ஆகாது’ங்கிற மாதிரிதான் நிறைய பேர் பார்த்தாங்க. 2010-ஐ ஒட்டி ஒரு திருப்பம் வந்துச்சு. அடியில இருந்த அந்த ஃபோகஸ் சென்சாரோட வேலையை, படம் பிடிக்கிற சென்சாரோட மேற்பரப்புலயே செய்யவெச்சாங்க. 2011-ல நிக்கானோட ‘நிக்கான் 1’ இந்த நுட்பத்தோடதான் வந்துச்சு. அந்த மாடல் வியாபாரத்துல தோத்துப்போனது தனிக்கதை. ஆனா கண்ணாடியை வெச்சுக்கிறதுக்கு இருந்த கடைசி நல்ல காரணம் அங்கேயே கரைஞ்சுபோச்சு.

2013-ல சோனி ‘ஏ7’. 2018-ல நிக்கானும் கேனானும் வேற வழியில்லாம ஃபுல்ஃப்ரேம் மிரர்லெஸுக்கு வந்தாங்க. 2020-ல உலக அளவுல மிரர்லெஸ் ஏற்றுமதி எண்ணிக்கை டி.எஸ்.எல்.ஆரைத் தாண்டிடுச்சு. அதே வருஷம் அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் தன்னோட போட்டோகிராபர்களுக்கு சோனி மிரர்லெஸ் கொடுக்கப்போறதா அறிவிச்சது. 2020 ஆரம்பத்துல வந்த ‘1டி எக்ஸ் மார்க் 3’தான் கேனானோட கடைசி உச்ச ரக டி.எஸ்.எல்.ஆர்னு 2021 டிசம்பர்ல அதன் தலைவர் ஃபுஜியோ மிதாராயே சொல்லிட்டார். இன்னிக்கும் ‘கண்ணாடிதான் எங்க உயிர்’னு நிக்கிற பெரிய பேர் பென்டாக்ஸ் மட்டும்தான். அவங்க பிடிவாதம் எனக்குப் பிடிக்கும், காசு கொடுத்து வாங்குவேனான்னு கேட்காதீங்க.

எண்ணிக்கையில பார்த்தா இன்னும் பளிச்சுன்னு தெரியும். ஜப்பான் கேமரா தயாரிப்பாளர்கள் சங்கத்தோட கணக்குப்படி, 2012-ல சுமார் 1.6 கோடி டி.எஸ்.எல்.ஆர்கள் சந்தைக்குப் போச்சு. 2024-ல சுமார் 10 லட்சம். மிரர்லெஸ் சுமார் 56 லட்சம். ஆனா மிரர்லெஸ் ஜெயிச்சுடுச்சுன்னு கைதட்டுறதுக்கு முன்னாடி இதையும் பாருங்க. எல்லா வகை டிஜிட்டல் கேமராவும் சேர்த்து 2010-ல 12 கோடிக்கு மேல. 2024-ல 85 லட்சம் கிட்ட. காணாமப்போன அந்தப் பதினோரு கோடியை விழுங்கினது மிரர்லெஸ் இல்லை, நீங்க இதைப் படிச்சுக்கிட்டிருக்கிற போன்.

அப்போ பழைய டி.எஸ்.எல்.ஆர் வாங்கலாமா, வேண்டாமா?

நிறைய பேர் கேட்கிற கேள்வி இது. போட்டோகிராபி கத்துக்கணும், கையில காசு கம்மின்னா தாராளமா செகண்ட் ஹேண்ட்ல வாங்குங்க. எல்லாரும் மிரர்லெஸுக்கு ஓடுறதால நல்ல டி.எஸ்.எல்.ஆர்கள் விலை இறங்கிக் கிடக்கு. பேட்டரி விஷயத்துல அது இன்னிக்கும் ராஜாதான். நிக்கான் ‘டி850’ ஒரு சார்ஜுக்கு 1,840 படம் எடுக்கும்னு கணக்கு. அதே நிக்கானோட ‘இசட்7’ மிரர்லெஸுக்கு 330. கண்ணுக்கும் சென்சாருக்கும் நாள் முழுக்க ஸ்க்ரீன் ஓட்டிக்கிட்டே இருந்தா பேட்டரி என்ன பண்ணும், பாவம்!

வாங்கும்போது ‘ஷட்டர் கவுன்ட்’ கேளுங்க. பைக்குக்கு கிலோமீட்டர் கேட்கிற மாதிரி. லென்ஸுக்குள்ள டார்ச் அடிச்சு, சிலந்தி வலை மாதிரி பூஞ்சை இருக்கான்னு பாருங்க. சென்னை மாதிரி கடலோரக் காற்றுல பூட்டிவெச்ச லென்ஸுக்கு அது வர்றது சகஜம். ஒரே ஒரு எச்சரிக்கை: அந்தக் கேமராவுக்காகப் புதுசு புதுசா லென்ஸ் வாங்கிக் குவிக்காதீங்க. கேனானோட பழைய ‘இ.எஃப்’ லென்ஸ்கள் அடாப்டர் போட்டா புது மிரர்லெஸ்ல நல்லாவே வேலை செய்யும். நிக்கான்ல மோட்டார் இல்லாத பழைய லென்ஸ்கள், நிக்கானோட சொந்த அடாப்டரைப் போட்டாலும் கையாலதான் ஃபோகஸ் பண்ணவேண்டி வரும்.

அடுத்த விக்கெட் ஷட்டர்

இப்போ அந்த ‘ச்சளக்’கோட இரண்டாவது பாதிக்கு வருவோம்.

கண்ணாடி போனதும் ஷட்டருக்கும் ஒரு கேள்வி வந்துச்சு. ‘சென்சாரை நினைச்ச நேரத்துல ஆன், ஆஃப் பண்ணலாமே, நீ எதுக்கு?’ பதில் எளிதா இல்லை. சாதாரண சென்சார் முழுப் படத்தையும் ஒரே நேரத்துல படிக்காது. ஜெராக்ஸ் மெஷின்ல வெளிச்சம் ஓடுதே, அதுமாதிரி மேல இருந்து கீழே வரி வரியா படிக்கும். அது படிச்சு முடிக்கிறதுக்குள்ள எதிர்ல இருக்கிறது அசைஞ்சுட்டா, படத்துல அது வளைஞ்சுடும். ஓடுற ஃபேனை போன்ல எடுத்துப் பாருங்க, இறக்கைங்க வாழைப்பழம் மாதிரி வளைஞ்சு நிக்கும். கல்யாண மண்டபத்து எல்.இ.டி லைட்டுக்குக் கீழ எடுத்த படங்கள்ல குறுக்கால கறுப்புப் பட்டை பட்டையா வர்றதும் இதனாலதான். அந்த லைட் நம்ம கண்ணுக்குத் தெரியாத வேகத்துல அணைஞ்சு அணைஞ்சு எரியுது. சென்சார் ஒரு வரியைப் படிக்கும்போது எரியும், அடுத்த வரியைப் படிக்கும்போது அணைஞ்சிருக்கும்.

இதை ஜெயிக்க ரெண்டு வழி. ஒண்ணு, படிக்கிற வேகத்தை வெறித்தனமா கூட்டுறது. 2021-ல நிக்கான் ‘இசட்9’ அதைத்தான் செஞ்சது. சென்சாருக்குப் பின்னாடியே நினைவகத்தை அடுக்கிவெச்சு வேகமாப் படிக்கவெச்சாங்க. எவ்வளவு தைரியம்னா, உச்ச ரகக் கேமராவுல மெக்கானிக்கல் ஷட்டரையே வைக்கலை. அந்தக் கேமராவுல கேட்கிற ‘க்ளிக்’கும் ஸ்பீக்கர் சத்தம்தான்.

ரெண்டாவது வழி, மொத்த சென்சாரும் ஒரே கணத்துல பார்க்கிறது. இதுக்குப் பேர் ‘குளோபல் ஷட்டர்’. 2023 நவம்பர்ல சோனி அறிவிச்ச ஆல்பா 9-ன் மூன்றாவது வெர்ஷன்தான், இந்த நுட்பத்தோட வந்த முதல் ஃபுல்ஃப்ரேம் மிரர்லெஸ். நொடிக்கு 120 படம். கண்ணாடி வெச்ச கேனான் 1டி எக்ஸ் மார்க் 3 தன் உச்சத்துல, வ்யூஃபைண்டர் வழியா 16 படம்தான் எடுக்கும். ஆனா சும்மா வரலை இந்த வேகம். அறிமுக விலை சுமார் 6,000 டாலர். ஒவ்வொரு புள்ளியிலயும் வெளிச்சத்தைத் தனியா சேமிச்சுவைக்க இடம் ஒதுக்கவேண்டியிருக்கிறதால, வெளிச்சம் பிடிக்கிற திறன் கொஞ்சம் குறையுது. அந்தக் கேமராவோட அடிப்படை ஐ.எஸ்.ஓ 250-ல தொடங்குறது அதனோட அடையாளம்தான். நிழலும் வெயிலும் கலந்த காட்சியை நிதானமா எடுக்கிறவங்களுக்கு மற்ற சென்சார்களே மேல். இன்னும் சில வருஷங்கள்ல விலை இறங்கி, இந்தக் குறையும் சரியாகி, நடுத்தர விலைக் கேமராக்களுக்கும் இது வரும்னு நினைக்கிறேன். ஷட்டர் ரிப்பேர்னு ஒரு செலவே அப்புறம் இருக்காது.

பட்டனை அழுத்தினது நீங்கதானா?

கண்ணாடி போச்சு, ஷட்டர் போகுது. ரெண்டும் இரும்புச் சாமான், போனா நஷ்டமில்லை. மூணாவது அப்படி இல்லை.

புதுக் கேமராக்கள்ல ‘ப்ரீ-கேப்சர்’னு ஒண்ணு இருக்கு. நீங்க பட்டனைப் பாதி அழுத்தினதுல இருந்தே கேமரா படம் எடுத்து எடுத்து அழிச்சுக்கிட்டே இருக்கும். மீன்கொத்தி தண்ணிக்குள்ள பாயுது, நீங்க சுதாரிச்சு முழுசா அழுத்துறீங்க, லேட்! பரவாயில்லை, நீங்க அழுத்துறதுக்கு ஒரு நொடி முன்னாடி வரைக்கும் உள்ள படங்களைக் கேமரா எடுத்துக் கொடுத்துடும். மேல சொன்ன நிக்கான், சோனி ரெண்டுலயும் இந்த வசதி இருக்கு. போன் ரொம்ப நாளா இதைத்தான் செய்யுது. 2015-லயே ஐபோன்ல ‘லைவ் போட்டோஸ்’ வந்து, அழுத்துறதுக்கு ஒன்றரை நொடி முன்னாடி நடந்ததையும் சேர்த்து வெச்சுக்கொடுத்துச்சு.

பறவைப் படம் எடுக்கிற நண்பர் ஒருத்தர் இதைப் பத்திச் சொன்னது மறக்கலை: “முன்னாடி நூறு தடவை தோத்து ஒரு தடவை ஜெயிப்பேன். இப்போ எல்லா தடவையும் ஜெயிக்கிறேன், ஆனா ஜெயிச்சது நான்தானான்னு தெரியலை.” எனக்கு இதுல பெரிய புகார் இல்லை. எடுத்தது யாரா இருந்தாலும், மீன்கொத்தி அங்க இருந்துச்சு, மீனும் இருந்துச்சு. நடந்ததுதான் பதிவாகியிருக்கு.

சிக்கல் அதுக்கு அடுத்த படியில. கேனான் 2024-ல கொண்டுவந்த ‘ஆர்1’, ‘ஆர்5 மார்க் 2’ ரெண்டுலயும் கேமராவுக்குள்ளயே படத்தைப் பெருசாக்குற வசதியும், இரைச்சலை நீக்குற வசதியும் இருக்கு. நியூரல் நெட்வொர்க் வேலை. எடுக்காத புள்ளிகளை ‘இங்க இப்படித்தான் இருந்திருக்கும்’னு ஊகிச்சு நிரப்புறது. கேமரா கம்பெனிகள் இப்போதைக்கு அடக்கமாத்தான் போறாங்க. படம் எடுத்தபிறகு நீங்களா மெனுவுல போய்த் தேர்ந்தெடுத்தாத்தான் அது நடக்கும். ஆனா போன் எங்க போயிருக்குன்னு பாருங்க. 2023-ல சாம்சங் போன்ல எடுத்த நிலாப் படம் பெரிய சர்ச்சை ஆச்சு. கம்ப்யூட்டர் ஸ்க்ரீன்ல வேணும்னே மங்கலாக்கி வெச்ச நிலாவை ஒருத்தர் போன்ல எடுத்தார். ஸ்க்ரீன்ல இல்லாத பள்ளங்கள்லாம் போட்டோவுல இருந்துச்சு! அதே 2023-ல கூகுள் பிக்ஸல் 8-ல ‘பெஸ்ட் டேக்’. குரூப் போட்டோவுல கண்ணை மூடினவர் முகத்துக்குப் பதிலா இன்னொரு படத்துல இருந்து சிரிச்ச முகத்தை எடுத்து ஒட்டிக்கலாம். 2025-ல வந்த பிக்ஸல் 10 ப்ரோவுல, 100 மடங்கு ஜூம் வரைக்கும் போகும்போது விவரங்களை ஜெனரேட்டிவ் ஏ.ஐ நிரப்பிக்கொடுக்குது.

தூரத்துக் கோபுரத்தை எடுக்கிறீங்க, சிற்பம் துல்லியமா தெரியுது. சந்தோஷம். ஆனா அந்தச் சிற்பத்தோட மூக்கு கோபுரத்துல இருந்த மூக்கா, மாடல் வரைஞ்ச மூக்கா? இன்ஸ்டா ஸ்டோரிக்கு இது பிரச்னையே இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் உங்க சுவரை இடிச்சதுக்கு ஆதாரமா எடுத்த படம்னா பிரச்னை. லாரி நம்பர் பிளேட்னா பிரச்னை. போராட்டத்துல யார் கையில என்ன இருந்துச்சுங்கிற படம்னா பெரிய பிரச்னை.

என் கணிப்பு இதுதான்: தனியா ஒரு கேமரா வாங்குறதுக்கான காரணமே இனி இங்கிருந்துதான் வரும். மெகாபிக்ஸல்ல, வேகத்துல, நைட் மோடுல போனோட மல்லுக்கட்டி எவ்வளவு நாள் தாங்க முடியும்? ‘எங்ககிட்ட வர்ற படம் நிஜமா நடந்தது’ன்னு சொல்ல முடிஞ்சா, அது போனால சுலபமா சொல்ல முடியாத விஷயம்.

அதுக்கான முயற்சியும் ஆரம்பிச்சாச்சு. 2023 அக்டோபர்ல லைக்கா ‘எம்11-பி’ வந்துச்சு. எடுக்கிற ஒவ்வொரு படத்துலயும் ‘இது எந்தக் கேமராவுல, எப்போ எடுத்தது, அதுக்கப்புறம் என்ன மாத்தினாங்க’ன்னு டிஜிட்டல் கையெழுத்து போட்டுத் தர்ற முதல் கேமரா. பத்திரப்பதிவு ஆபீஸ் முத்திரை மாதிரின்னு வெச்சுக்கோங்க. ‘சி2பிஏ’ங்கிற பொதுத் தரத்தின்படி இது நடக்குது. சோனி, நிக்கான், கேனான் எல்லாம் இதுல சேர்ந்திருக்காங்க. ஸ்க்ரீன்ல தெரியுற ஒரு படத்தையே திரும்பப் படமெடுத்து ஏமாத்தினா? அதைக் கண்டுபிடிக்க, காட்சியோட ஆழத்தையும் சேர்த்துப் பதிவு பண்ற முறையை சோனி கொண்டுவந்திருக்கு.

அதுக்குள்ள முதல் அடியும் விழுந்தாச்சு. 2025 ஆகஸ்ட்ல நிக்கான் தன்னோட ‘இசட்6’ மூன்றாவது வெர்ஷனுக்கு இந்தக் கையெழுத்து வசதியை அப்டேட்ல கொடுத்தது. கொஞ்ச நாள்லயே ஓட்டையைக் கண்டுபிடிச்சுட்டாங்க. கையெழுத்தே இல்லாத வேற ஒரு படத்தை, ‘மல்ட்டிப்பிள் எக்ஸ்போஷர்’ வசதி வழியா உள்ள நுழைச்சா, அதுக்கும் ‘அசல்’னு முத்திரை குத்திக்கொடுத்துச்சு கேமரா! நிக்கான் சேவையை நிறுத்தி, அதுவரைக்கும் கொடுத்த சான்றிதழ்கள் எல்லாத்தையும் ரத்து பண்ணவேண்டியதாப்போச்சு. இதை வெச்சு ‘இதெல்லாம் சும்மா’ன்னு நான் சொல்லமாட்டேன். பூட்டை உடைச்சுக் காட்டுறவங்க இருந்தாத்தான் நல்ல பூட்டு வரும். வேடிக்கை என்னன்னா, அதே பிக்ஸல் 10-லயும் இந்தக் கையெழுத்து இருக்கு. ஏ.ஐ நிரப்பின படம்னா, அதையும் அந்தக் கையெழுத்தே சொல்லிடும். ஆக, போனும் சும்மா இல்லை.

இதைவிடப் பெரிய ஓட்டை நம்ம கையிலதான் இருக்கு. கேமரா எவ்வளவு கவனமா கையெழுத்துப் போட்டாலும், அந்தப் படத்தை வாட்ஸ்அப்ல சாதாரண போட்டோவா அனுப்பினதும், அது சுருங்கி, உள்ள இருந்த விவரங்கள் எல்லாம் உதிர்ந்துடும். குடும்ப குரூப்புக்கு வர்றது வெறும் படம், முத்திரை இல்லாம. அதே படத்தை ‘டாக்குமென்ட்’டா அனுப்பினா ஃபைல் அப்படியே போகும். எப்பவாவது நிஜமாவே ஆதாரமா தேவைப்படக்கூடிய ஒண்ணை எடுத்தீங்கன்னா, ஆக்ஸிடென்ட்டோ, வாடகை வீட்டுச் சுவர் விரிசலோ, ஜூம் பண்ணாம, ஃபில்டர் போடாம எடுங்க. ஒரிஜினல் ஃபைலை அழிக்காம ஒரு இடத்துல போட்டுவைங்க, கேட்கிறவங்களுக்கு டாக்குமென்ட்டாவே அனுப்புங்க.